மூல எஞ்சின் சோதனை

மூல எஞ்சின் சோதனை என்பது, பல கை மாறி வந்த ஒரு காரில் இப்போது பூட்டப்பட்டிருக்கும் எஞ்சின், அக்கார் தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளில் அதில் இருந்த அதே எஞ்சின்தானா என்பதை, அதன்மேல் உள்ள எண்கள், அவ்வெண்கள் பதிந்திருக்கும் உலோகப் பரப்பு, காருடன் வரும் ஆவணங்கள் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு ஆராயும் முறையாகும். அன்றாடப் பயன்பாட்டுக்கு ஒரு பழைய காரை வாங்குபவருக்கு இது திருட்டு வண்டியில் சிக்காமலும், பின்னாளில் பதிவுச் சான்றில் வில்லங்கம் எழாமலும் காக்கும் எளிய சரிபார்ப்பு மட்டுமே. சேகரிப்பாளர் சந்தையிலோ காரின் விலையையே ஏற்றி இறக்கும் தனி ஆய்வுத் துறையாக அது வளர்ந்துவிட்டது. அத்துறையின் நுணுக்கங்களில் பெரும்பகுதி 1950களின் நடுவிலிருந்து 1970களின் தொடக்கம்வரை அமெரிக்காவில் செய்யப்பட்ட ஷெவர்லே கார்களைச் சுற்றியே உருவானதால், இங்கு அவையே முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றன.

எஞ்சினின் பல பாகங்களும் காலப்போக்கில் தேய்ந்து மாற்றப்படுபவை. ஆகவே மூல எஞ்சின் என்று சொல்லும்போது கருதப்படுவது சிலிண்டர் பிளாக், அதாவது பிஸ்டன்கள் ஓடும் துளைகளைக் கொண்ட வார்ப்பிரும்பு உடற்பகுதி மட்டுமே. பிஸ்டன், வால்வு, கார்புரேட்டர் அனைத்தும் புதியவையாக இருந்தாலும் பிளாக் பழையதாக இருந்தால் எஞ்சின் மூல எஞ்சினே. மற்றெல்லாம் பழையவையாக இருந்து பிளாக் மட்டும் வேறானால் அது மூல எஞ்சின் அன்று.

ஐயம் எழும் சூழல்

ஷெவர்லே நிறுவனம் 1955ஆம் ஆண்டு மாதிரிக்காக அறிமுகப்படுத்திய ‘சிறு பிளாக்’ வி-8 எஞ்சின் பல பத்தாண்டுகள் தொடர்ந்து தயாரிக்கப்பட்டது; அதன் கொள்ளளவு மாறிக்கொண்டே வந்தாலும் வெளி அளவுகள் பெரிதும் மாறவில்லை. அதனால் ஒரு லாரியிலிருந்து கழற்றிய எஞ்சினை ஒரு பந்தயக் காரில் பூட்டுவதற்குப் பட்டறையில் பெரிய தடை எதுவும் இல்லை. பழுதுபார்ப்பவருக்கு வரமாக இருந்த இந்தப் பொதுமையே பிற்காலத்தில் சேகரிப்பாளருக்குத் தலைவலியானது.

காமரோ வரிசையின் இசட்/28 வகை இதற்கு நல்ல சான்று. அமெரிக்காவின் டிரான்ஸ்-ஆம் கார்ப் பந்தயத்தில் எஞ்சின் கொள்ளளவு 305 கன அங்குலத்துக்கு, அதாவது ஏறத்தாழ 5 லிட்டருக்கு, மேல் போகக்கூடாது என்ற விதி இருந்ததால், ஷெவர்லே பொறியாளர்கள் 4 அங்குலத் துளையையும் 3 அங்குல வீச்சையும் இணைத்து 302 கன அங்குல எஞ்சின் ஒன்றை உருவாக்கினர். துளை என்பது சிலிண்டரின் விட்டம். வீச்சு என்பது பிஸ்டன் மேலிருந்து கீழாக நகரும் தூரம். இவ்வெஞ்சின் பூட்டிய கார்கள் 1967இல் 602, 1968இல் 7,199, 1969இல் 20,302 என்ற எண்ணிக்கையில் வெளிவந்தன. ஆனால் காரின் அடையாள எண்ணைப் படித்து அது இசட்/28 என்று சொல்ல இயலாது. 1969ஆம் ஆண்டுக் காமரோ ஒன்றின் எண் 124379என்500001 என்று அமைந்தால், முதல் 1 ஷெவர்லேயையும், 24 வி-8 எஞ்சின் கொண்ட காமரோவையும், 37 கூப்பே உடலமைப்பையும், 9 ஆண்டையும், ‘என்’ ஒஹையோ மாநிலத்து நார்வுட் தொழிற்சாலையையும், எஞ்சிய ஆறு இலக்கங்கள் வரிசை எண்ணையும் குறிக்கும். எட்டு சிலிண்டர் என்பதற்கு மேல் எஞ்சினைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. எஞ்சின் வகையைக் காட்டும் குறி ஷெவர்லே கார்களின் அடையாள எண்ணில் 1972ஆம் ஆண்டு மாதிரியிலிருந்துதான் இடம்பெற்றது. அதற்கு முந்தைய கார்களில் எஞ்சினே முதன்மைச் சாட்சி என்பதும், அந்தச் சாட்சியைப் போலியாக உருவாக்கும் ஆசை வலுவாக இருப்பதும் ஒன்றையொன்று தொடர்ந்து வருபவை.

மூன்று வகை எண்கள்

சோதனையில் பார்க்கப்படும் எண்கள் மூவகைப்படும். முதலாவது வார்ப்பு எண். உருகிய இரும்பை அச்சில் ஊற்றும்போதே புடைத்த எழுத்துகளாக உருவாகும் இது, ஷெவர்லே சிறு பிளாக்கில் பின்புறம் கியர் பெட்டி இணையும் விளிம்பை ஒட்டிக் காணப்படும். இது எந்த வடிவமைப்பைச் சேர்ந்த பிளாக் என்பதைச் சொல்லுமே தவிர எந்தக் காருக்குரியது என்பதைச் சொல்லாது. அதே விளிம்பின் மறுபக்கத்தில் வார்ப்பு நாள் இருக்கும். அதில் மாதம் ஆங்கில அகரவரிசையின் முதல் பன்னிரண்டு எழுத்துகளாலும், நாள் எண்ணாலும், ஆண்டு அதன் கடைசி இலக்கத்தாலும் குறிக்கப்படுவதால், ‘சி 14 9’ என்றால் மார்ச் 14, 1969 என்று பொருள்படும். அது 1979ஆகவும் இருக்கலாம் என்பதுதான் இங்குள்ள இடர். 3970010 என்ற வார்ப்பு எண் கொண்ட பிளாக் 1969இல் தொடங்கிப் பத்தாண்டுக்கும் மேலாக வார்க்கப்பட்டது. ஆகவே அந்த எண்ணும் 9இல் முடியும் நாளும் சேர்ந்து வந்தாலும் பத்தாண்டு இடைவெளியுள்ள இரண்டு பிளாக்குகளைப் பிரித்தறிய அவை மட்டும் போதா.

இரண்டாவது, எஞ்சின் தொழிற்சாலையில் பொறிக்கப்படும் தொகுப்புக் குறி. சிறு பிளாக்கின் முன்புறத்தில், காரின் வலப்பக்கச் சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், கட்டைவிரல் அகலத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சமதளம் ஒன்று உண்டு. பொறிப்புத் தளம் எனப்படும் அதன்மேல், மிச்சிகன் மாநிலத்து ஃபிளின்ட்டில் தொகுக்கப்பட்ட எஞ்சினுக்கு ‘வி’, நியூயார்க் மாநிலத்து டோனவாண்டாவில் தொகுக்கப்பட்டதற்கு ‘டி’ என்ற எழுத்தும், தொடர்ந்து மாதம், நாள் ஆகியவற்றின் எண்களும், இறுதியில் எஞ்சின் வகையைச் சொல்லும் பின்னொட்டும் உளிக்குத்தாகப் பதிக்கப்பட்டன. 1969ஆம் ஆண்டின் 302 எஞ்சினுக்குரிய பின்னொட்டு ‘டிஇசட்’. முதலிரண்டு ஆண்டுகளில் அது ‘எம்ஓ’. இக்குறியில் ஆண்டு இல்லை. வார்ப்பு நாளில் பத்தாண்டு இல்லாததும் இதில் ஆண்டே இல்லாததும், ஒரே எண்ணை மட்டும் நம்பி முடிவுக்கு வருவோரைத் தொடர்ந்து ஏமாற்றி வந்துள்ளன.

மூன்றாவதுதான் எஞ்சினைக் குறிப்பிட்ட ஒரு காருடன் கட்டிப்போடுவது. திருட்டைத் தடுக்கும் நோக்கில், காரின் அடையாள எண்ணின் ஒரு பகுதியை எஞ்சின் மீதும் கியர் பெட்டி மீதும் பொறிக்கும் வழக்கம் 1960களில் ஷெவர்லேயின் கார்வெட் போன்ற சில கார்களில் இருந்து, 1968ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து எல்லாக் கார்களுக்கும் பரவியது. மேலே சொன்ன காமரோவின் எஞ்சினில் இது 19என்500001 என அமையும். இந்தப் பகுதி எண் பொறிப்புத் தளத்திலும் இருக்கலாம், அல்லது ஆயில் ஃபில்ட்டருக்கு அருகே சீராக்கப்படாத சொரசொரப்பான வார்ப்புப் பரப்பிலும் இருக்கலாம். பின்னதைப் படிப்பது கடினமாயினும், பிற்காலப் பட்டறை வேலைகளில் அது அழியாமல் தப்பும் வாய்ப்பு மிகுதி.

மூன்று எண்களும் தனித்தனியே குறையுள்ளவை. ஒரு பிளாக் முதலில் வார்க்கப்பட வேண்டும், பிறகு எஞ்சினாகத் தொகுக்கப்பட வேண்டும், அதன்பின்னரே காரில் பூட்டப்பட வேண்டும் என்ற மாறாத வரிசையில் அவற்றை வைத்துப் பார்க்கும்போதுதான் அவை பேசத் தொடங்குகின்றன. தொகுப்பு நாளுக்குப் பிந்திய வார்ப்பு நாளைக் கொண்ட எஞ்சின், மற்ற எண்கள் எவ்வளவு அழகாகப் பொருந்தினாலும் பொய்யே. கட்டங்களுக்கு இடையிலான காலம் சில நாள்களாகவோ சில வாரங்களாகவோ இருப்பது இயல்பு. கலிஃபோர்னியாவின் வான் நைஸ் போன்ற தொலைவான கார் தொழிற்சாலைக்கு எஞ்சின் பயணம் செய்ய வேண்டியிருந்தால் இடைவெளி நீளும்.

பகுதி எண் பொருந்தும் எஞ்சினையும், நாள்களும் வகையும் மட்டும் பொருந்தும் எஞ்சினையும் விற்பனையாளர் ஒரே பெயரால் அழைப்பதுண்டு. முன்னதே காருடன் பிறந்தது. பின்னது அக்காருக்கு வந்திருக்கக்கூடிய ஒன்று என்பதற்கு மேல் எதையும் நிறுவாது.

எண்ணைச் சுற்றியுள்ள உலோகம்

தேர்ந்த ஆய்வாளர் எண்ணைப் படிப்பதற்கு முன் அது பதிந்திருக்கும் பரப்பைப் படிக்கிறார். எண்ணை எவரும் பொறித்துவிடலாம், பரப்பை மீண்டும் உருவாக்குவதுதான் கடினம் என்பதே காரணம். பொறிப்புத் தளம், சிலிண்டர் ஹெட் உட்காரும் மேல்தளத்தின் தொடர்ச்சி. தொழிற்சாலையில் இரண்டும் ஒரே வீச்சில், புரோச் எனப்படும் பல பற்கள் கொண்ட நீண்ட வெட்டுக்கருவியால் சமப்படுத்தப்பட்டன. அக்கருவி எஞ்சினின் முன்பின் திசையில் மயிரிழை போன்ற இணைகோடுகளை விட்டுச்செல்லும். எண்கள் இக்கோடுகளின் மேல் குத்தப்பட்டவை என்பதால், மூலப் பரப்பில் கோடுகள் எண்ணின் ஒரு விளிம்பில் நின்று மறுவிளிம்பில் தொடர்வதைச் சாய்வான வெளிச்சத்தில் உருப்பெருக்கியால் காணலாம்.

எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்கும்போது, வளைந்த மேல்தளத்தைச் சீராக்க லேத் பட்டறையில் ‘ஃபேசிங்’ எனும் மென்சீவல் செய்வது வழக்கமான, நேர்மையான வேலை. ஆனால் பொறிப்புத் தளமும் அதே மட்டத்தில் இருப்பதால், கவனமற்ற பட்டறையில் எண்ணும் கோடுகளும் ஒருசேரச் சீவப்பட்டுவிடும். வட்டமாகச் சுழலும் வெட்டுக்கருவி விடும் வளைகோடுகளோ, சாணைக்கல் விடும் பளபளப்போ எஞ்சும். இப்படி எண்ணை இழந்த எஞ்சின் உண்மையில் காருடன் பிறந்ததாகவே இருந்தாலும் அதை நிறுவ வழியில்லாமல் போகிறது. எண்ணை இழந்த உரிமையாளர் அதையே மீண்டும் பொறிப்பதும், வேறொரு பிளாக்கை வாங்கிச் சீவித் தன் காரின் எண்ணைப் பொறிப்பதும் நோக்கத்தில் வேறுபட்டாலும் உலோகத்தில் ஒரே தடயத்தையே விடுகின்றன. இரண்டையும் வாங்குபவர் ஒரே விலையில் வைத்துப் பார்ப்பது கடுமையாகத் தோன்றினாலும் நியாயமே.

எழுத்துகளின் தோற்றமும் பேசும். தொகுப்புக் குறி எஞ்சின் தொழிற்சாலையிலும் பகுதி எண் கார் தொழிற்சாலையிலும் குத்தப்பட்டவை. ஊரும் வேறு, கருவியும் வேறு, கையும் வேறு. ஆகவே இரு வரிகளும் அளவிலும் வடிவிலும் ஆழத்திலும் சற்றே மாறுபட்டிருக்க வேண்டும். இரண்டும் ஒரே அச்சுத் தொகுதியால், ஒரே அழுத்தத்தில், ஒரே நேர்க்கோட்டில் குத்தப்பட்டதுபோல் இருந்தால் ஐயப்பட இடமுண்டு. மூலப் பொறிப்பில் ஓர் எழுத்து மங்கியும் ஒன்று சாய்ந்தும் இருப்பதை எல்லாம் குறையெனக் கருதத் தேவையில்லை. வேகமாக ஓடிய தொகுப்பு வரிசையில் ஒரு தொழிலாளி சுத்தியலால் அடித்த எண் ஓவியம்போல் அமைவதில்லை. அதே ஆண்டில் அதே தொழிற்சாலையிலிருந்து வந்த, வரலாறு தெளிவான வேறு கார்களின் பொறிப்புப் படங்களை அருகில் வைத்து ஒப்பிடுவதே இதில் நம்பத்தக்க வழி.

சோதனைக்காகத் தளத்தைத் துலக்கும்போது உப்புத்தாளோ கம்பித் தூரிகையோ பயன்படுத்தக் கூடாது. அவை சாட்சியையே அழித்துவிடும். பெயிண்ட் நீக்கும் திரவமும் துணியும் பொறுமையும் போதும். விற்பவர் தளத்தைத் துலக்க மறுத்தால் அம்மறுப்பையும் ஒரு தகவலாகவே கொள்ள வேண்டும்.

பொறிப்பு நம்பும்படி இருந்தும் ஐயம் தீராதபோது எஞ்சினின் உள்ளளவு கைகொடுக்கும். 302 எஞ்சினும், மிகப் பரவலாகக் கிடைக்கும் 350 கன அங்குல எஞ்சினும் ஒரே துளை அளவு கொண்டவை. வீச்சு மட்டும் முன்னதில் 76.2 மில்லிமீட்டர், பின்னதில் 88.4 மில்லிமீட்டர். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, எஞ்சினைக் கையால் சுழற்றி, பிஸ்டனின் நகர்வை மெல்லிய கம்பியால் அளந்தால், பிளக் துளை சாய்வாக இருப்பதால் துல்லியம் கிட்டாவிட்டாலும் 12 மில்லிமீட்டர் வேறுபாடு தெரியாமல் போகாது. ‘டிஇசட்’ என்று பொறித்துக்கொண்டு 350இன் வீச்சில் ஓடும் எஞ்சினைப் பற்றி மேலும் விவாதிக்க எதுவுமில்லை.

சீவப்பட்ட எண்ணை மீட்டெடுக்கத் தடயவியலில் வழிகள் உண்டு. உளியால் குத்தும்போது எண்ணுக்கு அடியிலுள்ள உலோகமும் இறுகி உருக்குலைவதால், மேற்பரப்பு சீவப்பட்ட பின்னும் அந்த இறுக்கம் கீழே எஞ்சியிருக்கும். அமிலக் கலவையால் அரித்தாலோ, காந்தப்படுத்தி நுண் இரும்புத் துகளைப் பரப்பினாலோ பழைய எண் மங்கலாக எழலாம். எஃகில் இது நன்கு கைகூடும். கிராஃபைட் செதில்கள் நிறைந்த வார்ப்பிரும்பில் வெற்றி குறைவு.

ஆவணங்களும் இடைநிலை எஞ்சின்களும்

உலோகச் சான்றைத் தாங்கிப்பிடிப்பவை காகிதங்கள். 1965 முதல் 1972 வரை ஷெவர்லே ஒவ்வொரு காருடனும் கொடுத்த உத்தரவாதப் புத்தகத்தில், எஞ்சின் குறி புடைப்பாகப் பதிந்த சிறு உலோகத் தகடு ஒன்று இருந்தது. 1960களின் இறுதிக் கார்வெட்டுகளில், எந்தெந்தப் பாகங்கள் பூட்ட வேண்டும் என்று தொகுப்பு வரிசைக்கு அறிவித்த தாள் எரிபொருள் தொட்டியின் மேல் ஒட்டப்பட்டு, உடலைக் கழற்றும்போது பல ஆண்டுகள் கழித்து வெளிப்படுவதுண்டு. கனடாவில் விற்கப்பட்ட கார்களுக்கு ஜெனரல் மோட்டார்ஸின் கனடா கிளையிடம் பதிவுகள் உள்ளன. ஃபோர்டு கார்களைப் பொறுத்தவரை 1967 முதலான உற்பத்திப் பதிவுகளிலிருந்து காருக்குக் காராக அறிக்கை பெற முடிகிறது. ஆனால் ஆவணம் எந்த வகை எஞ்சின் பூட்டப்பட்டது என்பதைத்தான் பெரும்பாலும் சொல்லும். அதே எஞ்சின் இன்னும் இருக்கிறதா என்பதற்கு மீண்டும் உலோகத்திடமே திரும்ப வேண்டும். ஆவணமும் போலியாகலாம் என்பதைத் தனியே சொல்லத் தேவையில்லை.

மூலமும் அன்று, போலியும் அன்று என்ற நிலையிலும் எஞ்சின்கள் உண்டு. பந்தயத்திலோ முரட்டு ஓட்டத்திலோ உடைந்த எஞ்சினுக்கு மாற்றாக, உத்தரவாதக் காலத்தில் ஷெவர்லே வழங்கிய பிளாக்குகளில் பகுதி எண்ணுக்குப் பதில் ‘சிஇ’ என்ற குறியும் ஆண்டைக் காட்டும் இலக்கமும் பொறிக்கப்பட்டன. விரைந்து ஓடுவதற்கென்றே செய்யப்பட்ட கார்களில் இது நேர்வது வியப்பன்று. பழைய முகவர் ரசீதுடன் வரும் அத்தகைய பிளாக் காரின் உண்மையான வாழ்க்கை வரலாற்றின் பகுதி. அதைச் சீவிப் புதிய எண் பொறிப்பவர் உண்மையான ஒரு சான்றை அழித்துப் பொய்யான ஒன்றை அதன் இடத்தில் வைக்கிறார்.

தொழிற்சாலையே இணைப்பை ஏற்படுத்தாத இடங்களில் சோதனைக்கு எல்லை உண்டு. 1955 முதல் 1957 வரையிலான ஷெவர்லே கார்களின் எஞ்சினில் காரின் எண் இல்லை. 1967 வரையிலான ஃபோர்டு மஸ்டாங்குகளிலும் ‘கே’ குறியுடைய உயர்திறன் எஞ்சின் தவிர மற்றவற்றில் இல்லை. இவற்றில் நாள் பொருத்தத்துக்கு மேல் எவரும் உறுதி கூற முடியாது. கூறுபவரை நம்ப வேண்டியதும் இல்லை. போர்ஷே நிறுவனம் எஞ்சினுக்குத் தனி வரிசை எண் இட்டு, எந்தக் காரில் எந்த எண் சென்றது என்பதைத் தன் பதிவேட்டில் வைத்துக்கொண்டது. ஜாகுவார் எஞ்சின் எண்ணைக் காரின் அடையாளத் தகட்டிலேயே எழுதிவைத்ததோடு, அதைப் பிளாக்கிலும் சிலிண்டர் ஹெட்டிலும் பொறித்தது.

எண்கள் பொருந்தாமை ஓர் எஞ்சின் மூல எஞ்சின் அன்று என்பதை ஐயமற நிறுவிவிடும். பொருந்துதலோ மறுப்பு இன்னும் கிடைக்கவில்லை என்பதற்கு மேல் செல்வதில்லை. பரப்பும், எழுத்துருவும், நாள் வரிசையும், உள்ளளவும், காகிதமும் தனித்தனியே மறுக்கத் தவறும்போது நம்பிக்கை படிப்படியாக உயர்கிறது, அவ்வளவே.

இந்திய நடைமுறை

இந்தியாவில் எஞ்சினையும் காரையும் இணைக்கும் கண்ணி உலோகத்தில் இல்லாமல் பதிவுச் சான்றில், அதாவது மக்கள் ஆர்.சி. புக் என்று அழைக்கும் ஆவணத்தில் இருக்கிறது. அதில் சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் அருகருகே எழுதப்பட்டிருக்கும். இரண்டுக்கும் எண்ணளவில் உறவு இருப்பதில்லை. எஞ்சின் எண்ணின் தொடக்கத்தில் உள்ள எழுத்துகள் பெரும்பாலும் எஞ்சின் வகையைக் குறிப்பதால், மாருதி 800இல் ‘எஃப்8பி’ என்றோ, பின்வந்த வகையில் ‘எஃப்8டி’ என்றோ தொடங்கும் எண் குறைந்தபட்சம் வகைப் பொருத்தத்தைக் காட்டிவிடும். சேஸிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து நகல் எடுத்து, வேறு மாநிலத்துக்கு மாற்றத் தடையில்லாச் சான்று கேட்கும் படிவத்தில் ஒட்டும் பழக்கம், எண்ணோடு அதன் எழுத்துருவையும் பதிந்து வைப்பதால் இந்த ஆய்வுக்கும் பயன்படும். பழைய கோப்பிலுள்ள பென்சில் நகலும் இன்றைய நகலும் எழுத்துக்கு எழுத்து ஒத்திராவிட்டால், எண் மீண்டும் ‘பஞ்ச்’ செய்யப்பட்டிருக்கலாம்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஒப்புதலின்றி எஞ்சின் மாற்றப்பட்டால் 14 நாள்களுக்குள் பதிவு அலுவலருக்கு அறிவித்துச் சான்றில் திருத்தம் பெற வேண்டும் என்கிறது. பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சின் பூட்டிய அம்பாசடர்கள் ஒரு காலத்தில் பரவலாக ஓடின. திருத்தம் பெற்றவையும் உண்டு, பெறாதவையும் உண்டு. மறுபுறம், 2021இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட பழம்பெரும் வாகனப் பிரிவு, முதற்பதிவுக்குப் பின் 50 ஆண்டு கடந்த இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு ‘விஏ’ எழுத்துகள் கொண்ட தனிப் பதிவெண் வழங்குகிறது. அதற்கு வாகனம் மூல வடிவில் இருப்பதும், சேஸிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவை பெருமளவில் மாற்றப்படாதிருப்பதும் நிபந்தனை. இந்நிபந்தனையைச் சரிபார்க்க இன்றைய ஆர்.சி. புக் மட்டும் போதாது. முறையாக அறிவிக்கப்பட்ட ஒவ்வொரு மாற்றத்தின்போதும் புதிய எஞ்சின் எண் பழையதன் இடத்தில் ஏறிவிடுவதால், மூன்றாவது எஞ்சினில் ஓடும் காரும் தன் சான்றுடன் எழுத்துப் பிசகாமல் பொருந்தும். முதல் விற்பனை ரசீது, முதல் பதிவுச் சான்றின் நகல், தொடக்கக் காலக் காப்பீட்டுத் தாள் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றில் உள்ள எஞ்சின் எண்ணோடு பிளாக்கில் இருப்பதை ஒப்பிட்டால்தான், சட்டப்படி சரியான எஞ்சினையும் காருடன் வந்த எஞ்சினையும் வேறுபடுத்த இயலும்.